இந்த மாதப் பாடம்: பள்ளிப் பிள்ளைகளின் துணிக்காக ஊர் கூடிப் போடும் பணம்



வங்கிக் கடன், உள்கடன், பதிவேடு என்று நிறையப் பேசிவிட்டோம். இந்த மாதம் நன்கொடை திரட்டுவது பற்றிப் பார்ப்போம். கோயில் கொடைக்கு வரி போட்டு வசூல் பண்றது நமக்கு ஒண்ணும் புதுசில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் துணி வாங்க ஊர் முழுக்கப் பணம் திரட்டி, அந்தப் பணம் சட்டையாக மாறி, சரியான பிள்ளையின் உடம்பில் போய்ச் சேரும் வரைக்கும் கொண்டுபோவது தனி வேலை. தாய்லாந்து நாட்டுக் கிராமங்களில் இது பல காலமாக நடந்து வருகிறது. அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது, தள்ளி வைக்க வேண்டியதும் இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிடுவோம்.

முதலில் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று தெரிந்துகொள்ளணும். நம்ம ஊரில் சீருடை என்றால் ஒரே வகைதான் மனசில் வரும். அங்கே அப்படி இல்லை. சாதாரண நாளுக்கு வெள்ளைச் சட்டை. பையன்களுக்குப் பெரும்பாலும் காக்கி அரைக்கால் சட்டை, பெண் பிள்ளைகளுக்குக் கருநீலப் பாவாடை. வாரத்தில் ஒருநாள் சாரணர் உடை. தாய்லாந்தில் சாரணர் இயக்கத்தை 1911-ல் அந்த நாட்டு மன்னர் வஜிராவுத் தொடங்கி வைத்தார், இன்றைக்கும் அது பள்ளிப் பாடத்தோடு சேர்ந்தது. இன்னொரு நாள் விளையாட்டு உடை. பல பள்ளிகளில் ஒருநாள் அந்தந்த வட்டாரத்துக் கைத்தறித் துணி. ஆக ஐந்து நாளைக்கு நான்கு வகை. சாரணர் உடையில் தொப்பி, கழுத்துத் துணி, இடுப்பு வார் என்று சில்லறைச் சாமான்கள் அதிகம். மூன்றாம் வகுப்பு முடிந்து நான்காம் வகுப்புக்குப் போனால் சாரணரில் பிரிவு மாறும், தொப்பியும் மாறும்.

அண்ணன் போட்டதைத் தங்கச்சிக்குக் கொடுக்கலாமே என்று நினைப்பீங்க. காக்கி கால்சட்டையைப் பெண் பிள்ளை போட முடியாது. காலணி கூட பையனுக்குப் பழுப்பு, பெண்ணுக்குக் கறுப்பு என்று பல பள்ளிகளில் பிரித்து வைத்திருக்கிறார்கள். சட்டையையாவது தம்பிக்குக் கொடுக்கலாம் என்றால், நெஞ்சுப் பக்கம் பள்ளியின் பெயர் எழுத்தும் பல இடங்களில் பிள்ளையின் பெயரும் நூலால் தைத்திருக்கும். பழைய பெயரைப் பிரித்தெடுத்தால் வெள்ளைத் துணியில் ஊசித் தடம் தெரியும். பெரியவங்களுக்கு அது சின்ன விஷயம். பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்கிறது. 2009-ல் அங்கே 15 ஆண்டு இலவசக் கல்வித் திட்டம் வந்தது. அதில் சீருடைக்கும் பணம் உண்டு. தொடங்கியபோது மழலையர் வகுப்புக்கு ஆண்டுக்கு 300 பாட், ஆரம்பப் பள்ளிக்கு 360 பாட், நடுநிலைக்கு 450 பாட், மேல்நிலைக்கு 500 பாட் என்று வைத்தார்கள். பாட் என்பது அவர்கள் நாட்டுப் பணம், ஒரு பாட் நம் பணத்துக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இந்தத் தொகை கொஞ்சம் கூடியது. நம்ம தமிழ்நாட்டில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் தைத்த துணியாகவே வருகிறது, அதைத் தைப்பதும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள்தான். அங்கே துணியாக வராது, பணமாக வரும். பெற்றோர் வாங்கிவிட்டு ரசீதைப் பள்ளியில் காட்டணும். இரண்டு முறையிலும் நல்லது கெட்டது உண்டு. பணமாகக் கொடுத்தால் அளவு பார்த்து வாங்கலாம், எது இல்லையோ அதை வாங்கலாம். ஆனால் நான்கு வகை உடைக்கும் காலணிக்கும் அந்தப் பணம் எட்டாது. மீதியை வீட்டில்தான் போடணும். மூன்று பிள்ளை உள்ள வீட்டில் மே மாதம் என்றால் என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பள்ளி திறப்பது மே மாதம் நடுவில்.

இன்னும் கஷ்டம் வடக்கு மலைப் பகுதியில். சியாங் மாய், சியாங் ராய், மே ஹோங் சோன், நான், தாக் ஆகிய மாகாணங்களில் கரேன், மோங், லாஹூ, ஆக்கா, லீசூ என்று பல மலைவாழ் மக்கள் இருக்கிறார்கள். தாய்லாந்து என்றதும் வெயிலும் கடலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அந்த மலைகளில் நல்ல குளிர். அந்த நாட்டிலேயே உயரமான தொய் இந்தனோன் மலை 2565 மீட்டர். குளிர் கூடிய காலையில் அங்கே புல் மேல் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். வீடு தூரம், பாதை சரியில்லை என்பதால் பல பிள்ளைகள் திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளியிலேயே தங்கிப் படிக்கிறார்கள். அவர்களுக்குச் சீருடை மட்டும் கொடுத்தால் போதாது. இரவில் போட, துவைத்தது காயும் வரை மாற்றிக் கட்ட, போர்த்திக்கொள்ள எல்லாம் வேண்டும். குளிர்காலத்தில் மலையில் துவைத்த துணி ஒரே நாளில் காயாது. இரண்டு செட் வைத்திருக்கும் பிள்ளை ஈரத்தோடு போட்டுக்கொண்டுதான் வகுப்பில் உட்காரணும்.

இந்தக் குறையை ஊர் எப்படித் தீர்க்கிறது? அதற்கு அவர்களிடம் ஒரு பழைய வழி இருக்கிறது. பெயர் 'பா பா'. ஒரு பா துணி, இன்னொரு பா காடு. நம்ம எழுத்தில் ஒரே மாதிரி தெரியும், அவங்க வாயில் ராகம் வேறு. காட்டுத் துணி என்று அர்த்தம். அந்தக் காலத்தில் புத்த பிக்குகள் பிறர் வேண்டாமென்று விட்ட துணியை எடுத்துத் தைத்து உடுத்தினார்கள். நேரில் கொடுத்தால் வாங்கமாட்டார்கள் என்று, அவர்கள் நடக்கும் காட்டு வழியில் மரக்கிளையில் துணியைப் போட்டுவிட்டு ஜனங்கள் போய்விடுவார்களாம். கொடுத்தது யார் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதுக்கே வருவேன்.

இன்றைக்கு அந்தச் சடங்கு ஊர்க் காரியத்துக்குப் பணம் திரட்டும் வழியாகிவிட்டது. கோயிலுக்கு நடக்கும், பள்ளிக்கும் நடக்கும். பள்ளிக்கு என்றால் 'கல்வி பா பா' என்பார்கள். கதின் என்று இன்னொரு விழா உண்டு. அது பிக்குகளின் மழைக்கால விரதம் முடிந்த ஒரு மாதத்துக்குள், ஒரு விகாரைக்கு ஆண்டில் ஒரே தடவைதான் செய்யலாம். பா பாவுக்கு அந்தக் கட்டு இல்லை, எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். அதனால்தான் பள்ளிக்கூடங்களுக்கு இது தோது.

நடக்கும் விதம் இப்படி. ஒரு குழு அமைப்பார்கள். என்ன காரியம், எந்தப் பள்ளி, எந்தத் தேதி, குழுவில் யார் யார் என்று அச்சடித்த தாளும் ஒரு உறையும் தயாராகும். அந்த உறை ஊரில் வீடு வீடாகப் போகும், பாங்காக்கில் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கும் போகும். அவர்கள் உறையில் பெயர் எழுதி, முடிந்ததைப் போட்டு, கூட வேலை செய்கிறவர்களிடமும் வாங்கி அனுப்புவார்கள். விழா அன்று மூங்கில் குச்சியில் நோட்டுகளைச் செருகி மரம் மாதிரி அலங்கரிப்பார்கள். நீள மேளம் அடித்து ஊர்வலமாகப் போய் பிக்குகள் முன்னால் வைப்பார்கள். சடங்கு முடிந்ததும் பணம் பள்ளிக்குப் போகும். எவ்வளவு சேர்ந்தது என்று அன்றைக்கே ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவார்கள்.

மகளிர் குழுக்களுக்கு அங்கே பெரிய பங்கு சாப்பாட்டில். வருகிறவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போடும் இடத்துக்கு 'ரோங் தான்' என்று பெயர். அந்தத் தான் நம்ம தானம்தான். அரிசி, காய், விறகு எல்லாம் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து அவர்களே சமைப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது, சாப்பாட்டுச் செலவு உறைப் பணத்தில் கை வைக்காமல் நடக்க முடியும் என்பது. பந்தல், மேளம், சாப்பாடு என்று எடுத்துக்கொண்டே போனால் பிள்ளைக்குச் சட்டையில் ஒரு கை மட்டும்தான் மிஞ்சும்.

கையில் காசில்லாத வீட்டுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். நெல் விளையும் வடகிழக்குப் பகுதியில் 'நெல் பா பா' உண்டு. அறுவடை முடிந்ததும் வீட்டுக்குக் கொஞ்சம் நெல் கொண்டுவந்து கொட்டுவார்கள், குவியலை விற்றுப் பணமாக்குவார்கள். சில ஊர்களில் பழைய பாட்டில், காகிதம், தகரம் சேர்த்து எடைக்குப் போடும் 'குப்பை பா பா' கூட நடக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஐந்நூறு போட்டவரும் பத்துப் பாட்டில் போட்டவரும் ஒரே குவியலில் போடுகிறார்கள், யார் எவ்வளவு என்று எழுத வேண்டியதே இல்லை.

குறை இல்லையா? இருக்கு. உறைக்கும் நம்ம மொய்க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே மாதத்தில் நாலு உறை வந்தால் சம்பளக்காரனும் முகம் சுளிப்பான். கொடுக்காமல் இருக்கவும் முடியாது, உறையைக் கொடுத்தவர் மேஸ்திரியாகவோ சொந்தக்காரராகவோ இருப்பார். அதனால் அடிக்கடி உறை அடிப்பதை விட மாதாமாதம் சேமிப்பது நல்லது என்று நினைத்தவர்களும் அங்கே உண்டு. தெற்கே சொங்க்லா மாகாணத்தில் சொப் யோட்கேவ் என்ற ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு, நாளைக்கு ஒரு பாட் செலவைக் குறைத்து ஊர் நல நிதியில் போடும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். அந்த மாதிரிச் சேமிப்புக்கு 'சச்சா' என்று பெயர். சத்தியம் என்பதன் பாலி மொழி வடிவம் அது. சொன்ன தொகையைச் சொன்ன நாளில் கட்டுவேன் என்று வாக்குக் கொடுப்பதுதான் அடிப்படை. நம்ம குழுச் சந்தாவும் அதுதானே.

இப்போது வேலையின் முக்கியமான இடத்துக்கு வருவோம். பணம் திரட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை. எண்ணாமல் திரட்டுவதுதான் ஆபத்து. வடக்கு மலைப் பள்ளிகளுக்குக் குளிர்காலம் வந்தால் நகரத்திலிருந்து வண்டி வண்டியாகப் பழைய துணி போகும். கொடுக்கிறவர்கள் நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் மூட்டையைப் பிரித்தால் பெரியவர்கள் சட்டை, மெல்லிய நகரத்து உடுப்பு, பொத்தான் போனது என்று பிள்ளைக்கு ஆகாதது நிறைய இருக்கும். தரம் பிரிக்கும் வேலை ஆசிரியர்கள் தலையில். ஆகாததைக் கீழே கொண்டுபோக வண்டிச் செலவு, மலையில் குப்பையாகவும் போட முடியாது. பாதை நல்லா இருக்கும் பள்ளிக்கு நாலு வண்டி போகும், அதற்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கு ஒன்றுமே போகாது.

அதனால் விவரம் தெரிந்த குழுக்கள் முதலில் பள்ளி ஆசிரியரிடம் பட்டியல் கேட்கும். பெயர் வேண்டியதில்லை. வகுப்பு, ஆணா பெண்ணா, மார்பளவு, இடுப்பளவு, காலளவு, எது இருக்கிறது, எது இல்லை, தங்கிப் படிக்கிறதா என்பது போதும். அளவெடுப்பதற்கு நாள் பார்க்கணும். கோடை விடுமுறைக்காகப் பள்ளி மூடுவதற்கு முன், மார்ச்சிலேயே எடுத்துவிடணும், மூடிய பிறகு பிள்ளைகளைப் பிடிக்க முடியாது. மே மாதம் திறக்கும்போது பிள்ளை கொஞ்சம் வளர்ந்திருக்கும், ஒரு அளவு கூட்டித்தான் வாங்கணும். பட்டியலில் யாரையும் விடக் கூடாது. தாய்லாந்தில் குடியுரிமைத் தாள் இல்லாத பிள்ளைகளும் பள்ளியில் சேரலாம் என்று 2005-ல் அமைச்சரவை முடிவெடுத்தது. எல்லைப் பக்கம் அப்படிப் படிக்கும் பிள்ளைகள் அதிகம். கெஸ்ட் மாதிரி நினைத்து அவர்களை விட்டுவிட்டால், ஒரே பெஞ்சில் ஒருத்திக்குப் புது ஸ்வெட்டர், பக்கத்தில் இருப்பவளுக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்.

பணம் வரும் காலமும் துணி தேவைப்படும் காலமும் ஒன்றாக இருக்காது என்பதையும் யோசிக்கணும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் என்ற அவர்களுடைய புத்தாண்டு. நகரத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் ஊருக்கு வருவார்கள். அப்போது பா பா வைத்தால் மே மாதச் சீருடைக்குச் சரியாக வரும். ஆனால் குளிர்த் துணி நவம்பர் தொடக்கத்தில் கையில் இருக்கணும். நெல் அறுவடைப் பணம் அதற்குப் பிறகுதான் வரும். நெல் பணத்தை நம்பி ஸ்வெட்டர் வாங்கினால் குளிர் பாதி போயிருக்கும். ஆகவே இந்த ஆண்டு நெல் பணத்தை வங்கியில் போட்டு வைத்து, அடுத்த குளிருக்கு அக்டோபரிலேயே வாங்குவதுதான் கணக்குத் தெரிந்தவர் செய்கிற வேலை. அதுவரைக்கும் அந்தப் பணத்தை யாரும் கைமாற்று கேட்காமல் காப்பாற்றணும்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது நானாக வைத்துக்கொண்ட எண்கள். பள்ளியில் 80 பிள்ளைகள், அதில் 30 பேர் தங்கிப் படிக்கிறார்கள். ஸ்வெட்டர் ஒன்று 200 பாட் என்றால் 80-க்கு 16,000. போர்வை ஒன்று 250 பாட் என்றால் 30-க்கு 7,500. மலைக்கு ஏற்றிப்போக வண்டி 1,500. ஆக 25,000 பாட். 500 உறை கொடுத்து 350 திரும்பி வந்து, சராசரி 60 பாட் இருந்தால் 21,000. நாலாயிரம் குறைகிறது. இந்த நாலாயிரத்தை எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் குழுவின் குணம் தெரியும். மலிவான ஸ்வெட்டராக மாற்றினால் ஒரு குளிரில் நூல் பிரிந்துவிடும். 20 பிள்ளைகளை விட்டுவிட்டால் அதைவிட மோசம். போர்வையை இரண்டு பிள்ளைக்கு ஒன்று என்று பெரிதாக வாங்கலாமா, கடைக்காரரிடம் மொத்த விலை பேசலாமா, பழைய பாட்டில் சேர்க்கலாமா என்று பார்க்கலாம். திரும்பாத 150 உறை எங்கே என்றும் பார்க்கணும். வெறும் உறையானாலும் எண் போட்டுக் கொடுத்து, எண் போட்டுத் திரும்ப வாங்கணும். உறை திரும்பவில்லை என்றால் கொடுத்தவர் பணம் போட்டாரா, கொண்டுவந்தவர் வைத்துக்கொண்டாரா என்று யாருக்கும் தெரியாது, சந்தேகம் மட்டும் ஊரில் சுத்தும்.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. பொது இடத்தில் வசூல் செய்ய அனுமதி வாங்கணும் என்று தாய்லாந்தில் 1944-லேயே வசூல் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டுவிட்டார்கள். பள்ளி பெயரில் வரும் பணத்துக்குப் பள்ளி ரசீது தரணும். எண்ணும்போது குழு, ஆசிரியர், ஊர்ப் பெரியவர் மூன்று தரப்பும் உட்கார்ந்து எண்ணி, அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பாதிப் பேச்சு அடங்கிவிடும். நம்ம தீர்மானப் புத்தகம் மாதிரிதான்.

எங்கே வாங்குவது என்பதிலும் புத்தி வேணும். வெள்ளைச் சட்டை, சாரணர் உடை எல்லாம் கடைச் சரக்கு, மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஆனால் வட்டாரத் துணி போடும் நாளுக்கான உடையைப் பக்கத்து ஊர்ப் பெண்களிடமே வாங்கலாம். வடக்கே ப்ரே மாகாணத்தில் அவுரிச் சாயம் போட்ட 'மோ ஹோம்' என்ற நீலச் சட்டை பேர்போனது. மலைப் பெண்கள் நெய்யும் துணியும் உண்டு. பிள்ளைக்குப் போட்ட காசு அப்படியே ஒரு தாய்க்குக் கூலியாகத் திரும்பும். பெயர் தைக்கிற வேலையை ஊர் தையல்காரியிடம் கொடுத்தாலும் அப்படித்தான்.

கடைசியாகக் கொடுக்கும் நாள். எனக்கு மனசு உறுத்துகிற இடம் இதுதான். மேடை போட்டு, பின்னால் பேனர் கட்டி, ஏழைப் பிள்ளைகளை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கும்பிட வைத்துப் படம் எடுப்பதை எல்லா நாட்டிலும் பார்க்கிறோம். அந்தப் பிள்ளை மறுநாள் அந்த ஸ்வெட்டரைப் போட்டு வரும்போது, அது இலவச ஸ்வெட்டர் என்று பள்ளி முழுக்கத் தெரியும். போடாமல் குளிரில் நடுங்கிக்கொண்டு வருகிற பிள்ளையும் உண்டு, வெட்கம் குளிரை விடப் பெரிசு. பிள்ளைகளுக்குக் கெடுதல் வரும்படி அவர்களைப் பற்றி வெளியிடக் கூடாது என்று தாய்லாந்தின் 2003 குழந்தைப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. மரக்கிளையில் துணியைப் போட்டுவிட்டுப் போனார்கள் என்று சொன்னேனே, அது இங்கேதான் உதவும். வகுப்பு முழுக்க எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்துவிடலாம். பணம் போதவில்லை என்றால் ஆசிரியரிடம் ஒப்படைத்து, பள்ளி விட்ட பிறகு வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லலாம். கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட ரசீதும், அடுக்கி வைத்த துணியின் படமும் போதும், பிள்ளையின் முகம் வேண்டாம்.

பத்துப் பன்னிரண்டு செட் கூடுதலாக வாங்கிப் பள்ளி அலமாரியில் வைப்பதும் நல்லது. ஆண்டு நடுவில் வந்து சேரும் பிள்ளை இருக்கும், தீப்பிடித்த வீடு இருக்கும், மழையில் எல்லாம் போன வீடு இருக்கும். அலமாரிச் சாவி யாரிடம், எத்தனை எடுத்தோம் என்று ஒரு நோட்டு வைத்துவிட்டால் அடுத்த ஆண்டுப் பட்டியல் போடவும் அது உதவும்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு: மேலே போட்ட கணக்கில் குறைந்த 4,000 பாட்டுக்கு உங்கள் குழு என்ன வழி சொல்லும்? நம்ம ஊர்களில் கல்விச் சீர் கொண்டுபோகும்போது பள்ளியில் முன்கூட்டியே கேட்டு வாங்கினோமா, நாமாக வாங்கிக்கொண்டு போனோமா? போன வசூலில் திரும்பாத ரசீதுப் புத்தகம் ஏதாவது இன்னும் யார் வீட்டிலாவது இருக்கிறதா? ஊக்குநர்கள் பதிலை எழுதி அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க.